மதில் நடுவே போகும் பழைய கிணற்றைச் சீர்செய்வது: வரிசை மாறாத முழு வழிகாட்டி

காவிரிப் படுகைக் கிராமங்களில் பழைய வீட்டுக் கொல்லையில் இப்படி ஒரு கிணற்றைப் பார்க்கலாம். மதில் சுவர் கிணற்றின் நடுவே குறுக்காகப் போகும். கிணற்று வாய்க்கு மேலே மட்டும் மதிலில் ஒரு செங்கல் வளைவு இருக்கும். பாதிக் கிணறு இந்தக் கொல்லைக்கு, மீதிப் பாதி அடுத்த வீட்டுக்கோ சந்துக்கோ. இரண்டு பக்கமும் தனித்தனிச் சகடை.

தூர்ந்துபோன கிணறு என்றதும் மோட்டாரை இறக்கி முதலில் தண்ணீரை இறைக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். இந்தக் கிணற்றில் அதுதான் பெரிய தவறு. உள்ளே நிற்கும் தண்ணீர் உள்சுவரை வெளிப்பக்கமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த உள்சுவரை ஒட்டித்தான் மதில் வளைவின் இரண்டு கால்களும் நிற்கின்றன. நான் முதலில் கைவைத்த கிணற்றை அரை நாளில் வற்ற இறைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வளைவின் நடுக்கல் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் மதில், அடுத்து காற்று, அதற்குப் பிறகே தண்ணீர்.

1. பத்திரத்தைப் பாருங்கள், பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

மூலப் பத்திரத்தில் "கிணற்றில் பாதி பாத்தியம்", "கிணறும் நடைபாதையும் பொது" என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இப்போது அடுத்த வீட்டில் யாரும் தண்ணீர் சேந்தாவிட்டாலும் அந்த உரிமை தானாகப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். இந்திய வசதியுரிமைச் சட்டம் (1882) அடுத்தவர் இடத்தில் நடக்கவும் தண்ணீர் எடுக்கவும் உள்ள இப்படிப்பட்ட உரிமைகளைப் பற்றியதுதான்.

வாய்ச்சொல் போதாது. செலவு யாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் தண்ணீர் எடுக்க முடியாது, அவர்கள் பக்கத்தில் எத்தனை அடி இடம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மதிலுக்கு இரு புறமும் முட்டு கொடுத்தாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் சுவர் மறுபக்கம் சாயும். வேலை பாதியில் இருக்கும்போது அடுத்த கொல்லைக்குள் போக வழி இல்லை என்றால் எல்லாம் நின்றுவிடும்.

பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் கோயிலோ கோட்டையோ இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. பழஞ்சின்னங்கள் பாதுகாப்புக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அதற்குள் மதிலில் பழுது பார்ப்பதற்கும் முன் அனுமதி வேண்டும். தஞ்சாவூர், தாராசுரம் போன்ற ஊர்களில் இதைக் கேட்காமல் சாரம் கட்டாதீர்கள்.

2. சித்திரையில் தொடங்குங்கள்

படுகைக் கிணறுகளில் நீர் ஏறுவதும் இறங்குவதும் வாய்க்கால் தண்ணீரைப் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய வாரங்களில்தான் நீர்மட்டம் மிகக் கீழே இருக்கும். இறைக்க வேண்டிய தண்ணீரும் குறைவு, வெளி மண்ணின் ஈர அழுத்தமும் குறைவு.

கீழ்ப்பகுதிச் சுவர் வேலை வைகாசி முடிவதற்குள் முடிய வேண்டும். சுண்ணாம்பு இறுகுவதற்குள் நீர் ஏறிவிட்டால் பூசியதெல்லாம் கரைந்து போகும். ஐப்பசி மழைக்கு முன்பாவது முடித்துவிடலாம் என்று ஆவணியில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கிணற்றோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை, வாய்க்காலோடும் மல்லுக்கட்டினார்கள்.

3. கையில் இருக்க வேண்டியவை

வேலை தொடங்குவதற்கு முன்பே எல்லாம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். நீர் இறங்கிய கிணற்றைத் திறந்து போட்டுவிட்டுக் கடைக்கு ஓடக் கூடாது.

சாரத்துக்குச் சவுக்குக் கம்புகள், இரண்டு இரும்பு உத்தரங்கள், மர ஆப்புகள். தூக்குக் குண்டு, ரசமட்டம், அளவு நாடா. முக்காலி, கப்பி, உடம்போடு பூட்டும் பாதுகாப்புப் பட்டை. ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு என்று நான்கு வாயுக்களைக் காட்டும் கருவி (வாடகைக்குக் கிடைக்கும்). நீண்ட குழாயோடு காற்று ஊதும் இயந்திரம். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் துண்டிப்பானோடு நீர்மூழ்கி மோட்டார். உள்ளே விழுந்ததை எடுக்கும் கொக்கியான பாதாளக் கரண்டி. வெள்ளை வாளி ஒன்று.

சுண்ணாம்பு மட்டும் தனி. அதை வேலைக்கு மூன்று வாரம் முன்பே நீற்றி, தண்ணீர் மூடியபடி தொட்டியில் ஊற வையுங்கள். சரியாக நீறாத கட்டிகள் சுவருக்குள் போன பிறகு ஈரம் பட்டு ஊதும், பூச்சைப் பிய்த்துத் தள்ளும்.

4. தண்ணீர் இருக்கும்போதே அளவெடுங்கள்

கிணற்றின் விட்டம், தரையிலிருந்து நீர்மட்டம், நீரின் ஆழம் மூன்றையும் எழுதுங்கள். பின்னால் கிருமி நீக்கும் மருந்து போடவும், நீர் பழைய மட்டத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பார்க்கவும் இந்த எண்கள்தான் துணை.

அடுத்து மதிலின் உச்சியிலிருந்து தூக்குக் குண்டை விடுங்கள். வளைவின் இடக்கால், நடு, வலக்கால் என்று மூன்று இடத்தில் சாய்வைக் குறித்து, அதே இடத்தில் சாயத்தால் புள்ளி வையுங்கள். நாளை வேறொருவர் அளந்தாலும் அதே இடத்தில் அளக்க வேண்டும்.

விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். இரண்டு முனையிலும் சிறிது சாந்து வைத்து, நடுவில் காற்றாட விட்டு, அன்றைய தேதியை எழுதுங்கள். கண்ணாடிக்கு வளையத் தெரியாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது உடையும். இரண்டு வாரம் உடையாமல் இருந்தால் அது பழைய விரிசல். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது பழைய கட்டடங்களில் அனுபவம் உள்ள பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

5. வளைவுக்கு முட்டு

இந்த வேலையில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். உத்தரத்தைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிடுகிறார்கள். பார்க்கத் திடமாகத்தான் இருக்கும். ஆனால் கைப்பிடிச் சுவர் நிற்பது உள்சுவரின் தலையில். எந்தச் சுவரின் பாரத்தைக் குறைக்கப் பார்க்கிறோமோ அதன் மேலேயே ஏற்றுகிறோம்.

உத்தரங்கள் இரண்டும் கிணற்று வாய்க்கு மேலாகப் போய், கிணற்று விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, கெட்டியான தரையில் பரப்பிய பலகைகள் மேல் உட்கார வேண்டும். உத்தரங்களுக்கு நடுவே ஆள் இறங்க முக்கால் மீட்டர் இடைவெளி விடுங்கள். அவற்றின் மேல் வளைவின் வடிவத்துக்கு வெட்டிய பலகைச் சட்டத்தை நிறுத்தி, வளைவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் எதிரெதிராக இரண்டிரண்டு ஆப்புகளைச் செருகுங்கள்.

ஆப்பு தொட்டு நிற்கும் அளவே போதும். ஓங்கி அடித்தால் வளைவு மேலே தூக்கி, இல்லாத விரிசல் பிறக்கும். கையால் அசைத்தால் அசையக் கூடாது, அவ்வளவுதான். பிறகு மதிலின் இரு புறமும் சவுக்குக் கம்புகளால் சாய்முட்டு.

6. அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள்

வளைவின் சந்துகளில் அரசு, ஆல், இச்சி முளைக்காத பழைய கிணறு அரிது. முட்டு கொடுத்த பிறகே அவற்றைத் தொடலாம். வேர் செங்கற்களைப் பிரித்தாலும், பிரித்த செங்கற்களை இப்போது பிடித்துக்கொண்டிருப்பதும் அதே வேர்தான். இழுத்தால் செங்கல்லோடு வரும்.

தண்டைச் சுவரோடு ஒட்டி அறுங்கள். மெல்லிய கன்று என்றால் சாந்தைச் சுரண்டி, வேரைத் துண்டு துண்டாக எடுத்து, அந்த இடத்தை உடனே சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். வேர் தடித்திருந்தால் அந்த இடத்துச் செங்கற்களுக்கு எண் எழுதி, படம் பிடித்து, கழற்றி வேரை எடுத்துவிட்டு அதே வரிசையில் திருப்பிக் கட்டுங்கள்.

களைக்கொல்லி ஊற்றலாமா என்று கேட்பார்கள். கூடாது. கீழே இருப்பது குடிக்கும் தண்ணீர்.

7. காற்றைச் சோதிக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது

பயன்படுத்தாத கிணற்றில் இலைதழை மட்கும்போது கரியமில வாயு அடியில் தங்கும். அது காற்றைவிட கனமானது, தானாக மேலே வராது. சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் கிளம்பலாம். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் போன செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள். ஆக்சிஜன் நன்றாகக் குறைந்த பிறகுதான் சுடர் அணையும். ஹைட்ரஜன் சல்பைடை அது காட்டவே காட்டாது. மீத்தேன் இருந்தால் அந்தச் சுடரே தீப்பற்ற வைக்கும். வேப்பங்குழையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுப்பது காற்றைக் கலக்கும், ஆனால் கலங்கியது போதுமா என்று சொல்லாது.

காற்று ஊதும் குழாயின் முனையை நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே நிறுத்தி அரை மணி நேரம் ஊதுங்கள். பிறகு கருவியைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் பாருங்கள். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. 19.5க்குக் கீழே இருந்தால் இறங்க வேண்டாம். கருவி மற்ற மூன்றில் எதற்குக் கத்தினாலும் இறங்க வேண்டாம். ஆள் உள்ளே இருக்கும்வரை ஊதுவது நிற்கக் கூடாது, கருவி அவர் இடுப்பில் இருக்க வேண்டும். சேற்றில் கால் வைத்த பிறகுதான் வாயு அதிகம் கிளம்பும்.

டீசல், பெட்ரோல் இயந்திரம் எதையும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். மேலே வைத்தாலும் புகை ஊதுகுழாய்க்குள் போகாத தூரத்தில் வையுங்கள்.

இறங்குபவர் உடம்பில் பட்டை, பட்டை முக்காலியின் கப்பியில், மேலே இரண்டு பேர். அவர் பதில் சொல்லவில்லை என்றால் மேலே இருப்பவர்கள் கயிற்றைத்தான் இழுக்க வேண்டும். யாரும் இறங்கக் கூடாது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. இதை வேலை தொடங்கும் காலையில் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லுங்கள். தெரிந்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

8. அரை மீட்டர் இறைத்து, நின்று, பார்த்து

ஆமை, மீன் இருந்தால் முதலில் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். வேலை முடிந்து மருந்தெல்லாம் போன பிறகு திரும்ப விடலாம்.

மோட்டாரை ஓட விட்டு அரை மீட்டர் இறங்கியதும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். வெளி மண்ணில் உள்ள ஈரம் மெல்ல உள்ளே கசிந்து, இரு பக்க அழுத்தமும் சமன் ஆக வேண்டும். ஒரேயடியாக இறைத்தால் வெளியே தண்ணீர் நிற்க, உள்ளே வெறுமை. சுவர் உள்பக்கம் தள்ளப்படும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்துக்கு முன்பும் குழாயில் வரும் தண்ணீரை வெள்ளை வாளியில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் கருஞ்சேறு படிந்தால் அது கிணற்றின் தூர், கவலை இல்லை. பளபளவென்று நைஸ் மணல் வட்டமாகப் படிந்தால் அது சுவருக்குப் பின்னால் இருந்து வருகிறது. உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு வாளி மணலுக்கும் சுவருக்கு வெளியே அதே அளவு பொந்து விழுகிறது, அந்தப் பொந்தின் மேல்தான் மதில் நிற்கிறது. அப்படி மணல் தள்ளினால் ஊறும் வேகத்துக்கு மட்டும் இறைத்து மட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். அதற்குக் கீழே போக வேண்டாம்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடித் துண்டையும் தூக்குக் குண்டையும் பாருங்கள். நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.

9. தூர் வாரும்போது எங்கே நிறுத்துவது

சேற்றை வாளியில் ஏற்றி நேரே குப்பையில் கொட்டாதீர்கள். சல்லடையில் ஊற்றி அலசுங்கள். பழைய கிணற்றில் செம்பு, தோண்டி, கொலுசுத் திருகாணி எல்லாம் வரும். காசு, சிலை போன்ற பழம்பொருள் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தில் உள்ள வரம்பு பத்து ரூபாய், இன்றைக்கு எந்தப் பழங்காசும் அதைத் தாண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வதில் தொடங்கலாம்.

அடியை நெருங்கும்போது மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் தடவிப் பாருங்கள். சுவரின் கடைசிச் செங்கல் வரிசைக்குக் கீழே வழவழப்பான மர வட்டம் ஒன்று கையில் படலாம். கருத்து, ஊறி, மக்கிய கட்டைபோல இருக்கும். பழைய தச்சு வேலை அது. அந்த மர வட்டத்தின் மேலே செங்கல் கட்டி, உள்மண்ணைத் தோண்டத் தோண்ட முழுச் சுவரையும் கீழே இறக்கியிருக்கிறார்கள். தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடப்பதால்தான் அது இத்தனை காலம் கெடவில்லை.

குப்பைக் கட்டை என்று நினைத்து அதைப் பிடுங்கினால் கிணறு முழுவதும் உட்காரும். மர வட்டத்துக்கு மேல் ஒரு சாண் இருக்கும்போதே தூர் எடுப்பதை நிறுத்துங்கள். இன்னும் ஆழமாக்கினால் ஊற்று கூடும் என்று யார் சொன்னாலும் இந்தக் கிணற்றில் கேட்க வேண்டாம். மரம் வெளியே தெரிந்துவிட்டால் ஈரச் சாக்கு போர்த்துங்கள். ஒரு வெயில் நாள் காய்ந்தாலும் வெடிக்கும்.

கடைசியில் அரை அடிக்குக் கழுவிய கூழாங்கல் பரப்புங்கள். தண்ணீர் சேந்தும்போது அடிமணல் கலங்காது.

10. உள்சுவரில் சிமெண்ட் வேண்டாம்

கொத்தனார் சிமெண்ட் பூசலாம் என்றுதான் முதலில் சொல்வார். வேலை சீக்கிரம் முடியும், அவருக்குப் பழகிய பொருள். ஆனால் பழைய செங்கல் மெத்தென்றது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து, சில ஆண்டுகளில் செங்கல்லின் முகத்தோடு பெயர்ந்து விழும். கீழ் வரிசைகளில் வேண்டுமென்றே சாந்து வைக்காமல் விட்ட சந்துகள் இருக்கும். ஊற்று வரும் வழி அவை. அவற்றைப் பூசிவிட்டால் கிணறு வற்றிப்போகும், வெளியே அழுத்தமும் ஏறும்.

எனவே மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அடியில் ஊற்றுச் சந்துகள் உள்ள வரிசைகள்: தூசியைத் தட்டி விடுங்கள், வேறெதுவும் செய்ய வேண்டாம். நடுவில் நீர் ஏறி இறங்கும் பகுதி: சுண்ணாம்பு ஒரு பங்கு, தாழ்ந்த சூட்டில் வெந்த செங்கல்லின் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. வெறும் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். ஈரத்தில் இறுக அதற்குச் செங்கல் தூள் துணை வேண்டும். மேலே எப்போதும் காய்ந்திருக்கும் பகுதி: சுண்ணாம்பு ஒன்று, மணல் மூன்று. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது நம் கொத்தர்களின் வழக்கம். தெரிந்தவர் கையில் அது நன்றாக வரும், மேல்பகுதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாந்தை இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி, சந்தை நனைத்து, புதுச் சாந்தை இறுக்கி அடையுங்கள். காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சினால் அது மாவாக உதிரும். மாற்றுச் செங்கல் வேண்டுமானால் அதே காலத்துப் பழைய வீடு இடிக்கும் இடத்தில் தேடுங்கள். இன்றைய சூளைக் கல் தடிமன் வேறு, வரிசை சேராது. ஒரு நாளில் சுற்றில் கால் பங்குக்கு மேல் பிரிக்காதீர்கள். வட்டச் சுவர் நிற்பது ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டிருப்பதால்தான்.

முடித்த பகுதியில் ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்க விடுங்கள்.

11. வாய், தரை, மூடி

கிணற்றைச் சுற்றிக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு வெளிப்புறம் சரியும் தளம் வேண்டும். கால் கழுவிய தண்ணீர் உள்ளே திரும்பக் கூடாது. அடுத்த கொல்லையிலும் அதே தளம் போட்டால்தான் பயன். ஒரு பக்கத்து அழுக்கு இரண்டு வீட்டுக்கும்தானே? கழிவுநீர்த் தொட்டி 15 மீட்டருக்குள் இருந்தால் எத்தனை மருந்து போட்டாலும் அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாது.

கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அதன் மேல் கான்கிரீட் ஏற்றாதீர்கள், மீண்டும் அதே பாரம்தான். இரும்புக் கம்பி மூடியை இரண்டு பாதியாகச் செய்து, ஒவ்வொரு வீட்டுப் பக்கமும் பூட்டும்படி தளத்தில் பொருத்துங்கள். சகடைத் தூண்களில் கயிறு உராய்ந்த பள்ளங்கள் இருந்தால் அப்படியே விடுங்கள். எத்தனை கைகள் சேந்திய தடம் அது. தேய்த்துச் சமன் செய்ய எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

12. கிருமி நீக்கம்

விட்டம் × விட்டம் × 0.785 × நீர் ஆழம், எல்லாம் மீட்டரில். விடை கன மீட்டர், ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். விட்டம் 1.8, ஆழம் 2.5 என்றால் சுமார் 6,360 லிட்டர்.

சுத்தம் செய்த பிறகு முதல் முறை 1,000 லிட்டருக்கு 60 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். மேலே சொன்ன கிணற்றுக்கு ஏறக்குறைய 380 கிராம். புதிய பவுடரில் குளோரின் 33 விழுக்காடு இருக்கும், திறந்து கிடந்த பையில் பாதிகூட இருக்காது. அதனால் புதுப் பை வாங்குங்கள்.

பவுடரை நேராக உள்ளே கொட்டாதீர்கள். வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விட்டு, தெளிந்ததை மட்டும் கிணற்றில் விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு போனால் தண்ணீர் கடினமாகும். வாளியை நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலந்து, ராத்திரி முழுவதும் விட்டு, மறுநாள் அரை அரை மீட்டராக இறைத்து விடுங்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது, செடிக்கும் விட வேண்டாம்.

குளோரின் வாடை போனதும் தண்ணீரை மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். 100 மில்லி லிட்டரில் ஈ.கோலி என்னும் மலக்கிருமி இருக்கவே கூடாது. அதன் பிறகு வழக்கமான மருந்து 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும், போட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சேந்தலாம்.

13. முட்டு எடுப்பது கடைசியில்

சுவர் வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரிக்க அவசரப்படுவார்கள், வாடகை ஓடுகிறதே என்று. பொறுங்கள். நான்காம் படியில் எழுதிய பழைய மட்டத்துக்குத் தண்ணீர் வந்து, பத்து நாள் நின்ற பிறகே ஆப்பில் கை வையுங்கள்.

முதல் நாள் எல்லா ஆப்பையும் ஒரு நூல் அளவு மட்டும் தளர்த்துங்கள். வளைவின் இரண்டு கால் பக்கத்திலிருந்தும் மாறி மாறி வந்து நடுவில் முடியுங்கள். மறுநாள் கண்ணாடித் துண்டைப் பாருங்கள், தூக்குக் குண்டை அதே சாயப் புள்ளிகளில் விடுங்கள். எதுவும் மாறவில்லை என்றால் இன்னொரு நூல். நான்கைந்து நாளில் ஆப்பு தானாகக் கையோடு வரும். கண்ணாடி உடைந்தால் அதே நாள் ஆப்பைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். உத்தரத்தை எடுத்த பிறகும் கண்ணாடித் துண்டுகளை அகற்ற வேண்டாம், ஒரு ஐப்பசி மழை போகட்டும்.